ஒரு காலிக் கட்டமும் வேலூர் வெயிலும்

வியாழன், காட்பாடி

சித்தப்பாவுக்குக் கண் பரிசோதனை, அதற்காகத்தான் வேலூர் வந்தோம். பரிசோதனைக்கு அரை நாள் போதும், ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் வாரக் கடைசியையும் சேர்த்து விடுப்பு எடுத்தேன். அப்படியே ஆர்க்காடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று சித்தப்பாதான் சொன்னார். ரிட்டயர்டு எல்.ஐ.சி. டெவலப்மெண்ட் ஆபீசர். அவரை ஓர் இடத்தில் சும்மா உட்கார வைக்க முடியாது.

எனக்கும் மனதில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் எங்கள் சபையில் மிஷனெரிகளைத் தாங்கும் குழு ஒன்று உண்டு, அதற்கு நான் செயலர். வடமாநிலத்தில் ஒரு மலைக் கிராமத்தில் ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் காணிக்கை அனுப்புகிறோம். அவர்கள் அனுப்பும் அறிக்கையில் 'ஞானஸ்நானம்' என்ற கட்டம் வருஷக்கணக்கில் காலியாகவே வருகிறது. போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பலன் தெரியும் பணித்தளத்துக்கு இந்தப் பணத்தைத் திருப்பலாமே என்றார். உடனே ஒரு அக்கா, 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்று வசனம் சொன்னார். இவர் பதிலுக்கு, கனிகொடாத கொடியை அறுத்துப்போடும் வசனத்தை எடுத்தார். வசனத்துக்கு வசனம் இருந்தால் கூட்டம் முடியுமா? செயலர் ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவரட்டும், அடுத்த மாதம் பேசலாம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காட்பாடியில் இறங்கியதும் முகத்தில் அடித்தது அனல். அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு யாராவது சுற்றிப்பார்க்க வருவார்களா என்று ஆட்டோக்காரரே கேட்டார். லாட்ஜ் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளமும் இந்தியும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் கூட்டம் அப்படி.

சாயங்காலம் கோட்டை. ஆறு இருக்கு தண்ணி இல்லை, மலை இருக்கு மரம் இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். கடைசி வரி மட்டும் 1981ல் பழசாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடி லிங்கம் வைத்து வழிபாடு தொடங்கிவிட்டது. அதே மதிலுக்குள் 1846ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் ஒரு மசூதியும் இருக்கின்றன. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி இங்கேதான் நடந்தது. நெற்றியில் சாதிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை என்று கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட உத்தரவுதான் நெருப்பை மூட்டியது. எங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் சிப்பாய்களிடம் பரவியது. லண்டனில் பிறகு நடந்த வாக்குவாதத்தில் பழி மிஷனெரிகள் மேலும் விழுந்தது, 1813 சட்டம் வந்த பிறகுதான் கம்பெனி ஆண்ட பகுதிக்குள் அவர்கள் நுழையச் சட்டப்படி வழி திறந்தது. மிஷனெரிகள் இந்த ஊரில் காலூன்றுவதற்கு முன்பே அவர்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். 'ஏஜென்ட் போகிறதுக்கு முன்னாடியே ஊர்ல கம்பெனி பேர் கெட்டுப்போச்சுன்னா கஷ்டம்தான்' என்றார்.

வெள்ளி, ஆரணி சாலை

காலை ஆறரைக்கே ஷெல் வளாகத்தில் வரிசை. கண் மருத்துவம் இப்போது இங்கேதான். இந்த இடம்தான் சி.எம்.சி.யைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1902ல் திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. அவரை டாக்டராகத் தூண்டிய, திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் பிரசவத்தில் இறந்த மூன்று பெண்களின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர்கள் குறைவு, அதை விட்டுவிடுகிறேன். எனக்கு உறைத்தது அதற்குப் பின்னால் வந்த வருஷங்கள். 1899ல் டாக்டர் பட்டம், 1900 தொடக்கத்தில் வேலூர், கூட இருந்து வேலை பழக்க வேண்டிய அப்பா அதே வருஷம் இறந்துபோனார். வீட்டில் ஓர் அறையும் ஒரு கட்டிலும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அந்த மாதங்களுக்கு எங்கள் குழு படிவத்தைக் கொடுத்திருந்தால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்?

ஆனால் ஐடா அம்மாவைக் காட்டி 'பலனைப் பற்றிக் கவலைப்படாதே' என்று பிரசங்கம் செய்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. அவர் பலனைப் பற்றிக் கவலைப்பட்டவர். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கி, முதல் அணியில் 14 பேரைப் படிப்பு முடிக்க வைத்தார். 1930களின் கடைசியில் இனி எல்.எம்.பி. என்ற குறைந்த தர டாக்டர் படிப்பு கிடையாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் ஆச்சு என்ற நிலை வந்தபோது, அந்த வயசான அம்மா அமெரிக்காவுக்குக் கப்பலேறி ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். எத்தனை டாலர் வேண்டும், எத்தனை வந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்காமலா அது நடந்திருக்கும்? 1947ல் ஆண்களையும் சேர்த்தார்கள். கட்டிடத்துக்கும் கட்டிலுக்கும் கணக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். மனுஷன் மனசு திரும்புகிற விஷயத்துக்கு அதே கணக்கு நோட்டைக் கொண்டுவரும்போதுதான் எனக்கு நெருடுகிறது.

சித்தப்பாவுக்கு கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள், எதையும் படிக்க முடியாததால் பேச ஆரம்பித்தார். மார்ச் மாதம் வந்தால் எல்.ஐ.சி.யில் என்ன நடக்கும் தெரியுமா என்றார். டார்கெட்டை முடிக்க ஏஜென்ட்கள் தெரிந்தவன், மாமன், மச்சான் எல்லார் பெயரிலும் பாலிசி போடுவார்கள். முதல் பிரீமியத்தை ஏஜென்டே கட்டுவதும் உண்டு. ஏப்ரலில் பாராட்டு விழா, சால்வை, போட்டோ. அடுத்த வருஷம் பார்த்தால் பாதி லேப்ஸ். 'உங்க ஞானஸ்நான கட்டத்துலயும் லேப்ஸ் ஆனதுக்குன்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்களா?'

வைத்திருக்கவில்லை.

கண்புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

சனி, ராணிப்பேட்டை, ஆர்க்காடு

பஸ்ஸில் திருவலம் வழியாக ராணிப்பேட்டை. பாலாற்றில் மணல்கூட மிச்சமில்லை. ஐடா பிறந்தது இந்த ஊரில்தான், 1870ல். அதற்கு முன்பே 1866ல் அவருடைய பெரியப்பா சைலஸ் ஸ்கடர் இங்கே ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டார். ஸ்கடர் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு எழுத வேண்டும். தாத்தா ஜான் ஸ்கடர் 1819ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறியவர், பிறகு சென்னைக்கு வந்தார், பிள்ளைகள் ஏழு பேர் இந்தியாவில் மிஷனெரிகள். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர் சேர்ந்து 1853ல் அமைத்ததுதான் ஆர்க்காடு மிஷன்.

அவர்கள் தொடங்கியபோது வைத்திருந்த திட்டம் ஊர் ஊராகப் போய்த் தமிழில் பிரசங்கம் செய்வது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்தி அதன் வழியாக ஆள் சேர்ப்பதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. சந்தை, திருவிழா, அக்ரகாரத்துத் தெருமுனை என்று நின்று பேசினார்கள், எத்தனை ஊர், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை துண்டுப்பிரதி போனது என்று வருஷா வருஷம் அமெரிக்காவுக்கு எழுதினார்கள். ஆக, இந்தக் கட்டம் போட்ட படிவம் எங்கள் குழு கண்டுபிடித்தது இல்லை, 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

எதிர்பார்த்த தெருக்களிலிருந்து அதிகம் பேர் வரவில்லை. வந்தது சேரியிலிருந்து, குடும்பம் குடும்பமாக. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித் தென்னிந்தியா முழுக்கவே அப்படி வந்தார்கள். அப்போது மிஷனெரிகள் துள்ளிக் குதித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நிறைய பேருக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, கஞ்சிக்காக வருகிறார்களா, பண்ணையாரிடமிருந்து தப்பிக்க ஒரு துணை தேடி வருகிறார்களா என்று தங்களுக்குள்ளேயே வாதாடினார்கள். ஆள் வராத வருஷத்தில் ஏன் வரவில்லை என்று கேள்வி, வந்த வருஷத்தில் ஏன் வந்தார்கள் என்று கேள்வி. பசித்தவன் பசியோடு வருவதில் என்ன களங்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வயிறு நிறைந்தவன் பக்திக்கு மட்டும் யார் சுத்தமான காரணம் சான்றிதழ் கொடுத்தார்கள்?

ஆர்க்காட்டில் மக்கன் பேடா. சித்தப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் ஒன்றே ஒன்று. நான் எண்ணவில்லை.

ஞாயிறு, ஆரணி பக்கம் ஒரு ஊர்

ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். சித்தப்பாவின் பழைய பாலிசிதாரர் ஒருவர் அழைத்ததால் போனோம். மிஷன் காலத்துச் சின்னக் கோயில், ஓட்டுக் கூரை, வாசலில் வேப்பமரம், பக்கத்தில் ஒரு காலத்தில் உபதேசியாரே (ஆயருக்குக் கீழே ஊர்ச் சபையைக் கவனிக்கிறவர்) வாத்தியாராகவும் இருந்து நடத்திய பள்ளிக்கூடம். ஆர்மோனியமும் தபேலாவும் வைத்து ஞானப்பாட்டு. ஆயர் இளைஞர், பல ஊர் சபைகளைப் பார்க்கிறவர், ஆராதனை முடிந்ததும் அடுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார். நாங்கள் ஓய்வுபெற்ற உபதேசியாரிடம் மாட்டிக்கொண்டோம். எண்பதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம், பேச்சில் ஒரு குறையும் இல்லை.

என் குழுப் பிரச்சினையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அவர் வேலைக்கு வந்த காலத்துப் படிவத்தைப் பற்றிச் சொன்னார். சந்தித்த வீடுகள், விற்ற சுவிசேஷப் பங்குகள் (பைபிளின் ஒரு பகுதி மட்டும் உள்ள சிறு புத்தகங்கள்), பிரசங்கம் கேட்டோர். 'வீடு எண்ணலாம் தம்பி, புஸ்தகம் எண்ணலாம். கேட்டோர்னு இன்னாத்தை எழுதறது? சந்தையில நின்னு பேசுனேன்னா சந்தைக்கு மாடு வாங்க வந்தவன்லாம் கேட்டவனா? மாட்டுக்காரன் மாட்டையும் சேத்து எழுதிடலாம்னு எங்க பெரிய உபதேசியார் சொல்வாரு.'

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த முக்கியமான விஷயம். காலையில் கோயிலில் பின்வரிசையில் நெற்றியில் பொட்டோடு நிறைய பெண்கள் உட்கார்ந்திருந்ததை நானும் கவனித்திருந்தேன், விருந்தாளிகள் என்று நினைத்தேன். 'விருந்தாளியா? அதுல ரெண்டு பேர் இருவது வருசமா வராங்க.' ஞானஸ்நானம் எடுக்கவில்லையா என்றேன். எடுத்தால் பிள்ளைக்கு எஸ்.சி. சர்டிபிகேட் போய்விடும். 1950ல் போட்ட ஜனாதிபதி ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும், 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பி.சி. கணக்கில் வருகிறார், பஞ்சாயத்துத் தேர்தலில் தனித்தொகுதியில் நிற்க முடியாது. கோயில் வரப்பைத் தாண்டினால் ஊர்த் தெருவில் அவரை நடத்துகிற விதம் மட்டும் மாறுவதில்லை.

'ரெஜிஸ்டர்ல இருக்கறவங்க பாதிப்பேர் மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் கீறாங்க. கோயில்ல கீறவங்க பாதிப்பேர் ரெஜிஸ்டர்ல இல்ல. நீ எதை எழுதுவ?'

எங்கள் மிஷனெரி குடும்பம் இருக்கும் மாநிலம் நினைவுக்கு வந்தது. மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஒடிசாவில் 1967லிருந்து அப்படிச் சட்டம் உண்டு, மத்தியப் பிரதேசத்தில் 1968லிருந்து, பிறகு வேறு சில மாநிலங்களும் கொண்டுவந்தன, தமிழ்நாட்டிலேயே 2002ல் ஒன்று வந்து 2004ல் திரும்பிப் போனது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் தபாலில், மெயிலில், ஞானஸ்நானம் இத்தனை என்று எழுதி அனுப்ப வேண்டும் என்று நாங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எதிர்பார்க்கிறோம். காலிக் கட்டம் காலிதான் என்று யார் சொன்னது?

சித்தப்பா விடவில்லை. இப்படியே போனால் ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் படுத்திருக்கிறவனும் 'நான் உண்மையாய் இருக்கிறேன், பலன் கர்த்தருடையது' என்று சொல்லிக்கொள்ளலாமே என்று உபதேசியார் காதருகில் போய்ச் சத்தமாகக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். பலன் இல்லாததையே பக்திக்கு அடையாளமாகக் காட்டிப் பிழைப்பு நடத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'சொல்லலாம். சொல்லினுதான் கீறான்' என்றார் உபதேசியார். 'ஆனா அவன் எப்படிப்பட்டவன்னு அவன் தெருவுக்குத் தெரியும். எந்த வூட்டுக்கு எழவுக்குப் போனான், எந்த வூட்டுக்குப் போல, எவன்கிட்ட கடன் வாங்கித் திருப்பித் தரல, கூழு குடுத்தா குடிச்சானா, சாக்கு சொன்னானான்னு பொம்பளைங்க சொல்வாங்க. ரிப்போர்ட் படிக்கறவங்களுக்குத்தான் தெரியாது.'

மதியம் சாப்பாடு முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு, கருவாடு போட்டது. இலவம்பாடிக் கத்திரிக்காயைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

திங்கள், கரிகிரி

தொழுநோய்க்கான ஷிஃபெலின் மையம், 1955ல் தொடங்கியது. கல்லும் புதருமாக இருந்த இடம் இப்போது மரங்களாக நிற்கிறது. டாக்டர் பால் பிராண்டு 1946ல் வேலூர் வந்தவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் முன்னோடி. அவரே சொல்லியிருக்கிற ஒரு விஷயம் உண்டு. கை சரியாகி ஊருக்குப் போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கை பிச்சை எடுக்க லாயக்கில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்களாம். மடங்கிய கையைப் பார்த்தால்தான் காசு விழும், நிமிர்ந்த கைக்கு யாரும் போடுவதில்லை, தொழுநோய்க்காரன் என்று வேலையும் கொடுப்பதில்லை. அறுவை சிகிச்சை வெற்றி என்று கோப்பில் எழுதியாகிவிட்டது, ஆள் பட்டினி. அதற்கு அப்புறம்தான் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்துத் தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கற்றுத்தர ஆரம்பித்தார்கள்.

அவருடைய அப்பா ஜெஸ்ஸி பிராண்டு கொல்லிமலையில் வருஷக்கணக்கில் உழைத்தும் ஒருவரும் சேரவில்லை. எதிர்த்து நின்ற பூசாரியே விஷக்காய்ச்சலில் சாகும்போது தன் குழந்தையை அந்தத் தம்பதியிடம் ஒப்படைத்தார், அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வந்தார்கள். 1929ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். மனைவி ஈவ்லின் முதுமையில் மறுபடி மலை ஏறி, 1974ல் சாகும்வரை அந்தப் பக்கத்து மலைகளிலேயே இருந்தார். இந்தக் கதையைச் சொல்லும் பிரசங்கியார்கள் 'கடைசியில் ஜனங்கள் வந்தார்கள்' என்பதில் அழுத்தி நிறுத்துவார்கள். வராமலே போயிருந்தால் அந்தக் குழந்தையை வளர்த்தது வீண் என்று ஆகிவிடுமா?

செவ்வாய், திருப்பத்தூர்

வழியில் ஆம்பூரில் பிரியாணி, கத்திரிக்காய் பச்சடியோடு. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, போய்ச் சாப்பிடுங்கள்.

கிறிஸ்துகுல ஆசிரமம் 1921ல் இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. சவரிராயன் ஏசுதாசன் தமிழர், எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்து நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊரில் பெயர். கதர், சைவச் சாப்பாடு, கல்யாணம் இல்லை, ஏழைகளுக்கு வைத்தியம். கோயிலைத் திராவிடக் கோபுரத்தோடு கட்டினார்கள், உள்ளே நுழைந்தபோது கல் தரை குளிர்ந்து கிடந்தது, வெயிலுக்கு அதுவே போதும் என்றிருந்தது. 1932ல் சென்னையில் கதர் உடுத்திப் போன சின்னண்ணனை போலீஸ் அடித்துக் கைது செய்தது, அது இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை போனது. வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்கார போலீஸிடமே அடி. இவர்கள் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று யாரும் எண்ணிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு ஆசிரமம் அமைதியாக இருக்கிறது, ஆள் அதிகமில்லை. இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வெற்றி என்று எழுதினால் அது பொய்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறியதும் போனில் குழுவுக்கான குறிப்பை எழுத ஆரம்பித்தேன். ஞானஸ்நானக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், நிதியை நிறுத்துவதானாலும் சரி, தொடர்வதானாலும் சரி, நம்மில் இருவர் நேரில் போய் அந்தத் தெருவில் ஒரு வாரம் இருந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பாஷை பேச வருகிறதா, யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, 'மாசம் எவ்வளவு அனுப்பறீங்க?' என்றார். சொன்னேன். 'எப்பலேர்ந்து இந்தத் தொகை?'

பழைய அறிக்கைகளைத் தேடிப் பார்த்தேன். 2014லிருந்து அதே தொகை. அவர்களுடைய மூத்த பையன் அப்போது எல்.கே.ஜி., இப்போது பிளஸ் டூவை நெருங்குகிறான். இத்தனை வருஷத்தில் குழுவில் ஒருவர்கூட அந்தத் தொகையைப் பற்றிக் கேட்டதில்லை.

'அதையும் எழுது' என்றார் சித்தப்பா. அடுத்த கூட்டத்துக்கு முதல் பொருளாக அதைத்தான் போட்டிருக்கிறேன்.